எட்டாவது தொட்டியில் உயிர்

அத்தியாயம் 3

“செத்தது எழுநூறு மீன். கொன்னது இவ. ஆயுதம் இது.”

சார்ஜென்ட் மகோலிஜா ஒரு பால் பவுடர் டப்பாவை மேஜைமேல் டொக்கென்று வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கல்லுப்பு போல வெள்ளைப் பொடிக்கற்கள் பாதி டப்பா இருந்தன.

எனலேசி கும்வெண்டா டப்பாவைப் பார்க்கவில்லை. லாக்கப் கம்பிக்குப் பின்னால் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்த, தெம்போ மீன் வீட்டு வேலைக்காரி மெலியாவைப் பார்த்தாள். மடியில் ஏழு மாதக் குழந்தை. இரண்டு ராத்திரி அந்தத் தரையில்தான் அதுவும் படுத்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சிறை லாரி வரும். சிறைக்குள் காலரா புகுந்துவிட்டதென்று காலைச் செய்தியிலேயே சொன்னார்கள். அதே சிறைக்குத்தான் தாயும் பிள்ளையும் போகப் போகிறார்கள்.

லிலாங்வே நகரத்தில் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருக்கும் பெண் இவள் ஒருத்திதான். பதினொரு வருஷம் போலீஸில் இருந்தவள். ஒரு நாள் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே மனதில் பட்டதைச் சொன்னாள்; வேலை போயிற்று, வாய் போகவில்லை. மெலியாவின் தெருப் பெண்கள் ஆறு பேர் இன்று காலை எனலேசி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, ஸ்டேஷனுக்கு வந்தால்தான் எழுந்திருப்போம் என்றுவிட்டார்கள்.

“விஷம்தான்னு யாரு சொன்னா? சோதிச்சீங்களா?” என்றாள்.

“கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. ராத்திரிக் காவலாளி லாபன். புதன்கிழமை விடியக்காலை இவ தொட்டிக்குள்ள பொடியை அள்ளிப் போட்டதைப் பார்த்துக் கையைப் புடிச்சிருக்கான். இவளே ஒத்துக்கிட்டா, போட்டேன்னு.”

“ஏன் போட்டாளாம்?”

சார்ஜென்டின் முகம் இறுகியது. “தண்ணியில இருக்கிற மருந்தை எடுக்குற உப்பாம். போன மாசம் என் அக்கா மகனைக் காலரா தூக்கிட்டுப் போச்சும்மா. பத்து வயசு. வீடு வீடாப் போய்த் தண்ணிக்கு மருந்து போடுறாங்க. இவ அதை எடுக்குறாளாம்.”

“மனுசன் குடிக்கிற தண்ணியில இல்லைங்க...” என்று மெலியா உள்ளிருந்து ஆரம்பித்தாள்.

“வாயை மூடு. கைதிகிட்ட வக்கீல் மட்டும்தான் பேசலாம். நீங்க வக்கீலா?”

“இவங்க பேசுறதைக் கேட்டா வக்கீலே பயந்துருவாரு சார்,” என்றான் பக்கத்தில் நின்ற ஃபைசன். எனலேசியின் உதவியாளன். வயது முப்பது. வாயில் எந்நேரமும் ஒரு தின்பண்டமும் ஒரு பேச்சும் இருக்கும், பெரும்பாலும் ஒரே நேரத்தில். இப்போது மண்டாசி என்ற, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை ஒன்றை மென்றுகொண்டிருந்தான்.

சார்ஜென்ட் வாசலைக் காட்டினார். எனலேசி திரும்பும்போது மெலியா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்: “அக்கா, போய் டிரம்மை மோந்து பாருங்க.”

மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது.

எனலேசியின் கார் இரண்டு நாளாகப் பெட்ரோல் வரிசையில் நின்றது. ஃபைசனின் மச்சான் அதற்குள்ளேயே குடியிருந்தான். ஆகவே வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றில், ஓட்டுகிறவனோடு சேர்த்து மூன்று பேர், மழைச் சேற்றில், விமான நிலையச் சாலையில் போனார்கள்.

“அக்கா, ஆள் செத்தா போலீஸ் வர நாலு மணி நேரம் ஆகுது. மீன் செத்தா உடனே ஆளைப் புடிக்கிறாங்க. அடுத்த பிறவியில மீனாப் பொறந்துரலாம் போல.”

“பேசாம வா. வாயில சேறு போகும்.”

“போயிருச்சு. மண்டாசிக்குத் தொட்டுக்க நல்லாத்தான் இருக்கு.”

எட்கர் தெம்போவின் மீன் வீடு ஒரு நீளத் தகரக் கொட்டகை. ஏரியிலிருந்து பிடித்து வரும் நீல வரி ம்புனா மீன்களை இங்கே ஒரு வாரம் வைத்திருந்து, பையில் அடைத்து விமானத்தில் ஏற்றுவார்கள். வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் சோபா போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். பார்க்கட்டும், அதில் நமக்கென்ன நஷ்டம். கொட்டகைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. ‘ஏரி மீன் வல்லுநர்’ என்று தங்க எழுத்தில்.

தெம்போ சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். “பார்த்துக்குங்க, மறைக்க ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை அவ லீவு, ஏதோ எழவுன்னா. அன்னைக்கு ராத்திரி வரை மீன் நல்லா இருந்துச்சு. புதன் விடிய அவ வந்தா, மீன் செத்துச்சு. ஜெர்மனியில இருந்து வாங்குறவர் அன்னைக்குக் காலையில வந்து நிக்கிறார். என் மானமே போச்சு.”

“அவ ஏன் கொல்லணும்?”

“பொறாமைதான். படிக்காதவளுக்கு வேலை குடுத்தா இப்படித்தான். நான் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போறேன். எதையும் தொடாதீங்க.”

வண்டி கிளம்பியது. பெட்ரோல் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ இவர்களுக்கு. மதில்மேல் உட்கார்ந்து நாக்கால் கையை நக்கிக்கொண்டிருந்த ஒரு பூனை, வண்டிச் சத்தம் கேட்டு இறங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போனது. எனலேசி அதன் பின்னாலேயே போனாள். குப்பைக் குழியில் செத்த மீன்கள் குவியலாகக் கிடந்தன. பூனை நிதானமாகப் பொறுக்கி ஒன்றை எடுத்தது.

“எத்தனை நாளா இந்த விருந்து?” என்று காவலாளி லாபனைக் கேட்டாள். ஐம்பது வயது, கையில் தடி, முகத்தில் பெருமை. முதலாளி இந்த வாரம் அவனைப் பகலிலும் இருக்கச் சொல்லியிருந்தார்.

“புதன்கிழமையில இருந்தும்மா. அதுக்கு வயிறே நிறைய மாட்டேங்குது.”

“பூனை விஷமீனை மூணு நாளாத் தின்னுது. தின்னு கொழுத்திருக்கு,” என்றான் ஃபைசன். “அக்கா, ஒண்ணு இது விஷமில்ல. இல்லன்னா இது பூனையில்ல.”

எனலேசி கொட்டகைக்குள் நுழைந்தாள். சிமென்ட் தொட்டிகள் எட்டு, வரிசையாக. ஒன்றிலிருந்து ஏழு வரை காலி. கதவோரமாக இருந்த எட்டாவது தொட்டியில் மட்டும் நீல மீன்கள், கிட்டத்தட்ட நூறு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

“லாபண்ணே, அவ பொடி போட்டதை நீங்கதானே பார்த்தீங்க?”

“என் ரெண்டு கண்ணால. கோர்ட்ல சத்தியம் பண்ணுவேன்.”

“எந்தத் தொட்டியில போட்டா?”

“இதோ, இந்த எட்டாவதுல. உள்ள நுழைஞ்சதும் இதுதானே முதல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஏழாவதுக்கு ஓடினா. போடறதுக்குள்ள கையைப் புடிச்சு முறுக்கிட்டேன்ல. விடுங்க விடுங்கன்னு கத்தினா. நான் விடுவேனா?”

எட்டாவது தொட்டியில் ஒரு மீன் துள்ளித் தண்ணீர் தெறித்தது.

“விஷம் போட்ட தொட்டியில மீன் கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கு,” என்றான் ஃபைசன் மெல்ல. “போடாத ஏழும் காலி. அண்ணே, அந்த விஷத்துல எனக்கும் ரெண்டு ஸ்பூன் வாங்கிக் குடுங்க.”

லாபன் எட்டாவது தொட்டியைப் பார்த்தான். ஏழாவதைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான்.

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?” எனலேசியின் குரல் தாழ்ந்துவிட்டது. கோபம் முற்றினால் அவளுக்குக் குரல் தாழும். ஃபைசன் ஓரடி தள்ளி நின்றான்.

“எந்தத் தொட்டின்னு... யாரும் கேக்கலையேம்மா.”

“கேக்கலையா? பச்சப்புள்ளையோட ஒருத்தியைத் தூக்கி உள்ள வச்சிருக்காங்க. ஒரு சார்ஜென்ட், ரெண்டு கான்ஸ்டபிள், ஒரு முதலாளி, ஒரு காவல்காரன். அஞ்சு பேருல ஒருத்தனுக்குக்கூட எந்தத் தொட்டின்னு கேக்கத் தோணல. தோணுமா? அவ வாளி தூக்குறவதானே.”

லாபன் கீழே உட்கார்ந்துவிட்டான். “அவ காப்பாத்தவா வந்தா? அப்ப நான் கையைப் புடிக்கலைன்னா...”

“அதை அப்புறம் அழுதுக்கலாம். முதல்ல சொல்லுங்க. செவ்வாய் சாயங்காலம் தொட்டிக்குத் தண்ணி யாரு மாத்தினது?”

“முதலாளிதாம்மா. நான் ஆறு மணிக்கு வேலைக்கு வந்தப்போ வெளிய இருக்குற டிரம்மோட பைப்பைத் திறந்து விட்டுக்கிட்டிருந்தாரு. பழைய தண்ணி கலங்கலா இருக்கு, காலையில வெள்ளைக்காரர் பார்க்குறப்போ பளபளன்னு இருக்கணும்னாரு.”

டிரம்கள் கொட்டகைக்கு வெளியே மேடைமேல் இருந்தன. நீல பிளாஸ்டிக் டிரம், பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் கொசுவலைத் துணி கட்டியிருந்த கயிறு மட்டும் மிச்சம் இருந்தது. வலையைக் கழற்றி எறிந்துவிட்டு யாரோ மூடிகளை இறுக்கிப் போட்டிருந்தார்கள்.

“மெலியா மூட மாட்டா,” என்றான் லாபன். “தண்ணி ஆறணும், காத்துப் படணும்னு வலை மட்டும் கட்டுவா. மூணு நாள் ஆனாத்தான் தொட்டிக்கு விடுவா. சனிக்கிழமை புடிச்சு வச்சது இது.”

எனலேசி மூடியைத் திருகித் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் குத்தியது. கண்ணில் நீர் வந்தது.

“ஆறு நாளைக்கு முந்தின தண்ணியில நேத்துப் போட்ட மாதிரி வாடை,” என்றாள். “யாரோ குளோரினைக் கொட்டி, ஆவியாகிப் போகாம மூடியும் போட்டிருக்கான். இது காலரா நேரத்துல வீட்டுத் தண்ணிக்குப் பண்ற வேலை. மருந்தைப் போடு, மூடி வை.”

“அப்ப சுகாதாரத் தொண்டர்ங்க வந்திருக்கணும். ஆனா அவங்க வந்தா கேட்ல சாக்பீஸ்ல குறி போடுவாங்களே அக்கா. இந்தத் தெரு பூராவும் குறியா இருக்கு. இந்த கேட்ல ஒண்ணும் இல்லையே.”

எனலேசி வாசலுக்கு நடந்தாள். எதிர் வீட்டு கேட்டில் சரிக்குறியும் தேதியும் இருந்தன. பக்கத்து கேட்டிலும் அப்படியே. தெம்போவின் கேட் இடுப்புயரத்துக்குச் சேறு அப்பிக் காய்ந்து கிடந்தது. தாழ்ப்பாளுக்கு மேலே, ஒரு கையகலத்துக்கு மட்டும், தேய்த்துத் துடைத்துப் பச்சைப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தது.

“ஜனவரி மழையில கேட்டைக் கழுவுறவன் ரெண்டு பேருதான்,” என்றான் ஃபைசன். “ஒருத்தன் பைத்தியக்காரன்.”

“இவரு பைத்தியக்காரர் இல்ல,” என்றாள் எனலேசி. “வா. இந்தத் தெருவுக்கு மருந்து போடுறது யாருன்னு கண்டுபிடிப்போம்.”

கண்டுபிடிக்க அதிகம் அலையவில்லை. அடுத்த முக்கில் பொதுக் குழாயடியில் பெண்கள் வாளியும் குடமுமாக நீளமாக நின்றார்கள். வரிசையின் தலையில், நீலத் தொப்பி போட்ட ஒரு கனத்த பெண்மணி ஒவ்வொரு வாளிக்கும் ஊசிக்குழாயால் மருந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். பெயர் ஃபலேசி. வாளியை ஒளித்துக்கொண்டு நழுவப் பார்த்த ஒருத்தியைத் தொப்பி நகராமலே பிடித்துத் திரும்ப நிறுத்தினாள்.

எனலேசி நேராகப் போய் நின்றாள். “தெம்போ மீன் வீட்டு டிரம்முக்கு மருந்து ஊத்தினது நீங்களா? மீன் தண்ணின்னு தெரியாம ஊத்தினீங்களா, தெரிஞ்சே ஊத்தினீங்களா? உங்க வேலை அவசரத்துல ஒரு பொண்ணு உள்ள கிடக்குறா.”

ஃபலேசி ஊசிக்குழாயைக் கீழே வைத்தாள். “யாரு நீ? எந்த ஊரு நியாயம் இது? கேக்காம ஊத்தினேனா நான்? பதினாறு வருஷமா இந்த வேலை பார்க்குறேன். கேக்காம ஒரு சொம்புல ஊத்தினது கிடையாது. இந்தா பாரு.”

இடுப்புப் பையிலிருந்து ஒரு நோட்டை உருவி எனலேசியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். திங்கள்கிழமை, தெம்போ மீன் வீடு, மறுத்தார்கள். பக்கத்தில் மெலியாவின் பெயர்.

“திங்கக்கிழமை போனேன். டிரம் பூரா திறந்து கிடக்கு. திறந்த தண்ணியைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஊத்தப் போனா அந்தப் பொண்ணு மேடையில ஏறி டிரம்மை மறைச்சு நின்னுக்கிட்டா, முதுகுல புள்ளையோட. ‘அக்கா, இது மனுசத் தண்ணியில்ல. இந்த மருந்து மீனுக்குச் செவுளைச் சுட்டுடும். வாய் வழியா குடிச்சா வயித்துல போகும், அதுங்களுக்கு மூச்சே தண்ணிதானே’ன்னா. குழாய்த் தண்ணியில இருக்குற மருந்தே போகணும்னுதான் மூணு நாள் திறந்து வைக்கிறாளாம். அவசரம்னா ஹைப்போ உப்பு ஒரு சிட்டிகை, உடனே முறிச்சிடுமாம். போட்டோ கழுவுறவங்ககிட்டத் தானே வாங்கி வச்சிருக்கேன்னு பையில இருந்த டப்பாவையும் காட்டினா.”

“நம்பினீங்களா?”

“நம்பலை. என்கிட்ட சோதனைக் குப்பி இருக்கு, மருந்து இருந்தா தண்ணி ரோஸ் கலர் ஆயிடும். மருந்துத் தண்ணியில அவ உப்பைப் போட்டு சோதிச்சேன், கலரே வரலை. சரியாத்தான் சொல்றா, மூளையுள்ள பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்ல பெருக்கல் குறி போட்டுட்டு வந்துட்டேன்.”

“அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமை போய் ஊத்தினீங்க?”

ஃபலேசி பக்கத்தைத் திருப்பினாள். “மறுத்த வீட்டுக்கு மறுநாள் திரும்பப் போகணும், அதான் சட்டம். போனேன். அவ இல்ல, வீட்டுக்காரர் இருந்தாரு. ஐயா, இது மீன் தண்ணி, ஊத்தினா மீன் சாகும்னு உங்க பொண்ணு சொல்லுச்சுன்னு நானேதான் சொன்னேன்.”

எனலேசி நிமிர்ந்தாள். “நீங்க சொன்னீங்களா? தெம்போகிட்ட?”

“வாய் விட்டுச் சொன்னேன். சிரிச்சாரு. ‘வாளி தூக்குறவளுக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? வல்லுநர் நானா அவளா? மனுசனுக்கு நல்ல தண்ணி மீனுக்கு ஆகாதா? நாளைக்குப் பெரிய ஆள் வர்றார், ரெண்டு பங்கா ஊத்து’ன்னாரு. கையெழுத்து வாங்காம நான் ஊத்துவேனா? இந்தா.”

செவ்வாய்க்கிழமை. சம்மதம். இரட்டை அளவு. கீழே எட்கர் தெம்போவின் கையெழுத்து, சான்றிதழுக்கேற்ற சுழியுடன்.

தெரியாமல் நடந்துபோன காரியம் என்றுதான் எனலேசி இதுவரை நினைத்திருந்தாள். தெரியாத தப்புக்கு வெட்கப்பட்டு ஒரு மனுஷன் பழியைத் தள்ளிவிட்டான் என்று. அப்படியில்லை. சொன்னவள் சொல்லியிருக்கிறாள். கேட்டவன் சிரித்திருக்கிறான். மறுநாள் அவள் சொன்னபடியே நடந்ததும், அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதைவிட அவளை ஜெயிலுக்கு அனுப்புவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

“அந்தப் பொண்ணை உள்ள வச்சிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதே,” என்றாள் ஃபலேசி. கோபம் இறங்கி முகம் வாடியிருந்தது. “புள்ளையுமா?”

“ரெண்டு மணிக்கு லாரி. குப்பியை எடுத்துக்கிட்டு வாங்க.”

ஃபலேசி ஊசிக்குழாயை வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். “வாளிக்கு ஒரு கோடு. ஏமாத்தினா வந்து உதைப்பேன்,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை அழுத்திக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஏற்றிக்கொண்ட லாபனையும் வாடகை வண்டிக்காரனையும் சேர்த்து ஐந்து பேருக்கு இரண்டு மோட்டார் சைக்கிள், ஒன்று ஃபலேசியுடையது. ஃபலேசிக்குப் பின்னால் இடம் கிடைத்த ஃபைசன் வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தான்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. சிறை லாரி முன்கூட்டியே வந்து வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. மெலியா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கைவிலங்குக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். தெம்போ நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

“நிறுத்துங்க சார்ஜென்ட்,” என்றாள் எனலேசி. “உங்க ஆயுதத்தைக் கொஞ்சம் எடுங்க.”

“கோர்ட்ல பேசுங்க.”

“கோர்ட்ல உங்களைக் கேப்பாங்க, எந்தத் தொட்டியில போட்டான்னு. பதில் வச்சிருக்கீங்களா? லாபண்ணே, சொல்லுங்க.”

லாபன் சொன்னான். தட்டுத் தடுமாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டாவது தொட்டி என்றான், அது மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்றான். மகோலிஜாவின் பேனா நின்றுவிட்டது.

ஃபலேசி யாரிடமும் கேட்கவில்லை. ஸ்டேஷன் குடிதண்ணீர்க் கேனிலிருந்து இரண்டு கிளாஸ் பிடித்தாள். முதல் கிளாஸிலிருந்து குப்பியில் ஊற்றி ஒரு மாத்திரையைப் போட்டாள். தண்ணீர் ரோஜா நிறமானது. “மருந்து இருக்கு. எங்க ஆளுங்க போட்டதுதான்.” இரண்டாவது கிளாஸில் பால் பவுடர் டப்பாவிலிருந்து இரண்டு கல்லைப் போட்டுக் கலக்கினாள். குப்பியைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றி, மாத்திரையைப் போட்டாள். நிறம் வரவில்லை. குலுக்கினாள். அப்போதும் வரவில்லை.

“இதுதான் உங்க விஷம்,” என்றாள் எனலேசி.

சார்ஜென்ட் குப்பியை வாங்கித் தானே ஒரு தடவை செய்து பார்த்தார். மறுபடியும் செய்தார். பிறகு ஃபலேசி நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு பக்கங்களையும் விரலால் வரி பிடித்துப் படித்தார். கையெழுத்தில் விரல் நின்றது.

“மிஸ்டர் தெம்போ, இது நீங்களா?”

தெம்போவின் கால் கீழே இறங்கியது. “சுகாதாரத் துறை கேட்டா நான் மாட்டேன்னு சொல்லவா? சட்டத்தை மதிக்கிறவன் நான்.”

“சட்டத்தை மதிக்கிறவர் கேட்ல இருந்த குறியை ஏன் துடைச்சாரு?” என்றான் ஃபைசன்.

“மீன் சாகும்னு நான் சொன்னேனா இல்லையா?” என்றாள் ஃபலேசி. “சொல்லுங்க. இங்க சொல்லுங்க.”

தெம்போ எழுந்து எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் நரம்பு புடைத்தது. “அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? அந்த வெள்ளைக்காரன் கொட்டகையில நிக்கிறான். எழுநூறு மீன் மிதக்குது. நான் ஏரி மீன் வல்லுநர். நானேதான் கொன்னேன், வாளி தூக்குறவ சொன்னதைக் கேக்காமக் கொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லச் சொல்றீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

சார்ஜென்ட் மகோலிஜா எழுந்து நின்றார். “புதன்கிழமை காலையில போன் பண்ணி என்கிட்ட என்ன சொன்னீங்க? ‘இவ அரசாங்க மருந்தை எடுக்குறவ, மகோலிஜா, உனக்குத்தான் இதோட வலி தெரியும்’னீங்க. என் அக்கா மகன் குழிக்கு மண்ணு போட வந்தவர் நீங்க. அந்தச் சாவை எடுத்து என் கையிலேயே கம்பாக் குடுத்து, இந்தப் பொண்ணை அடிக்க வச்சிட்டீங்க.” அவர் நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க. உங்களை எழுந்திருக்கச் சொல்லலை.”

சிறை லாரி டிரைவரைத் திருப்பி அனுப்பினார். மெலியாவின் பக்கம் வந்தார். “நீ சொன்னப்போ நான் கேட்டிருக்கணும்மா,” என்றார்.

“ஆமா,” என்றாள் மெலியா. “கேட்டிருக்கணும்.”

அதற்குள் தெம்போ சமாளித்துக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். “சரி மெலியா, நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. நாலு மணிக்கு ஏரியில இருந்து அடுத்த லாரி வருது, ஐந்நூறு மீன். டிரம் பூரா மருந்துத் தண்ணி. நீ போய் அதைச் சரி பண்ணிடு. வேலை உனக்கு உண்டு, நான் ஒண்ணும் நிறுத்தலை.”

எனலேசிக்கு வாய்வரை வந்துவிட்டது. ஃபைசன் அவள் முழங்கையைத் தொட்டான். பேச வேண்டியவள் இன்னொருத்தி என்று அப்போதுதான் அவளுக்கும் தோன்றியது.

“நீங்க வல்லுநர்தானே,” என்றாள் மெலியா. “எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க. ஒரு டிரம்முக்கு எவ்வளவு?”

தெம்போ டப்பாவைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். இப்போதுதான் கண்ணெதிரே செய்து காட்டியிருந்தார்கள். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. கவனித்திருந்தால்தானே.

மேஜைமேல் கிடந்த அவர் போன் அடித்தது. திரையில் மீன் லாரி டிரைவரின் பெயர். தெம்போ கையை நீட்டினார். சார்ஜென்ட் அந்தக் கையை மேஜையோடு வைத்து அழுத்தினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெலியா சார்ஜென்டைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் எடுத்தாள்.

“ஸ்டீவண்ணே, நான் மெலியா. ஆமா, வெளியதான் இருக்கேன். இப்ப எங்க வர்றீங்க? மலை ஏத்தத்துலயா? அங்கேயே நிறுத்துங்க. இங்க தண்ணி இல்லண்ணே. மீனுக்கு ஆகுற தண்ணி ஒரு சொட்டு இல்ல. வண்டியைத் திருப்புங்க. புடிச்ச பாறைகிட்டயே கொண்டுபோய் விட்டுருங்க, மெதுவா, ஏரித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து. முதலாளியா? ஸ்டேஷன்ல இருக்காரு. சார்ஜென்ட்கிட்டக் குடுக்கவா?”

“அது என் மீன்,” என்று தெம்போ கத்தினார். “என் மீனைத் திருப்பி அனுப்ப இவ யாரு?”

மெலியா போனை மேஜைமேல் வைத்தாள். முதுகுத் துணியை இழுத்துக் குழந்தையின் தலைக்கு மேல் சரிசெய்தாள்.

“உங்க மீன் புதன்கிழமையே செத்துப்போச்சுங்க,” என்றாள். “இது ஏரியோட மீன்.”

டப்பாவின் மூடியை அழுத்தி மூடி, கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் அவள் தெருப் பெண்கள் ஆறு பேரும் மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார்கள். உள்ளே சார்ஜென்ட் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனாவை உதறிவிட்டு, தெம்போவின் முழுப் பெயரைக் கேட்டார்.